டாக்டர் பம்புத் தண்ணீர்

“அமுக்காதீங்கன்னு சொல்லுதேன்ல!”

முத்துச்செல்வி போட்ட சத்தத்தில் சங்கிலிப்பாண்டியின் கை அம்மாவின் முழங்காலை விட்டு விலகியது. கோவில்பட்டியிலிருந்து வேனில் வந்திறங்கிய ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்திருந்த இருவரும், இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். மூடியை இறக்கினால் அம்மாவின் முழங்கால் இடித்தது. முழங்காலைச் சாய்த்தால் தோள் எழும்பியது. உயிரோடு இருந்தபோது நிமிராத உடம்பு, செத்த பிறகு ஒரு பெட்டிக்காக நிமிர்ந்துவிடுமா?

“லேசா ஒரு அமுக்கு அமுக்கினா படிஞ்சிரும் தாயி. வெயிலப் பாரு, எப்படி அடிக்குன்னு. எடுக்கிற வரைக்கும் தாங்கணும்லா?” என்றார் சங்கிலிப்பாண்டி. வார்டு மெம்பர். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் தோளில் துண்டோடு முதல் ஆளாக வந்து நிற்பவர்.

“படியாது. எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. ஒடிச்சாத்தான் நிமிரும். ஒடிக்கீங்களா?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“செல்வி, கொஞ்சம் சும்மா இரு” என்றான் அண்ணன் மாரிராஜ். “அவிய நமக்காகத்தான பாக்காங்க. அவங்ககிட்டப் போயி எரிஞ்சு விழுத.”

பெட்டி வந்த வேனிலேயே திரும்பிப் போனது. அம்மாவை நார்க்கட்டிலில், வாசலைப் பார்த்து, ஒருக்களித்துக் கிடத்தினார்கள். கடந்த பத்து வருடமாக அவள் தூங்கிய மாதிரியேதான். முதுகு வளைந்து, தலை மார்பில் இறங்கி, கால்கள் வயிற்றை நோக்கி மடங்கி. கடைசி ஒரு வருடம் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. போன வாரம் நெஞ்சில் சளி கட்டியது. விடியற்காலையில் மூச்சு நின்றது. அறுபத்திரண்டு வயது சாகிற வயதா?

கட்டிலின் தலைமாட்டில் பக்கத்து வீட்டு மாடத்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் சேக்காளி. இருவரும் ஒரே வருடம் வாழ்க்கைப்பட்டவர்கள். மாடத்திக்கும் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவாள்.

“எக்கா கோமதி, ஒந்தம்பி வாராருன்னு சொல்லுதாவ. எந்திச்சு உக்காரு” என்று சொல்லிவிட்டு முத்துச்செல்வியிடம் திரும்பினாள். “ஒங்கம்மா அண்ணாந்து வானத்தப் பாத்து எத்தன வருசம் ஆச்சு தெரியுமாட்டி? பருத்தி போட்டுட்டு என்னையத்தான் கேப்பா. மாடத்தி, மேகாட்டுல மேகம் கருக்குதான்னு. நானும் கழுத்தத் தூக்க முடியாத கழுததான. ரெண்டு பேருமாச் சேந்து போற வார பிள்ளைகளக் கூப்பிட்டுக் கேப்போம், வானம் எப்படி இருக்கு தாயின்னு.”

சுற்றியிருந்த பெண்கள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள். முத்துச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை. 

“சாத்தூரத் தாண்டிட்டாவளாம்” என்று செல்போனை மடித்துக்கொண்டே சொன்னான் மாரிராஜ். “மாமா வந்ததும் அம்மாவக் குளிப்பாட்டத் தண்ணியெடுக்க நீர்மாலைக்குப் போயிரலாம்.”

மாமா என்றால் தங்கச்சாமி மாமா. அம்மாவின் ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை அம்மாதான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். அவர் டாக்டருக்குப் படித்து, மதுரையில் பேராசிரியராகி, பிறகு ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கே இயக்குநரான பின்னாலும் அவளுக்கு அவர் இடுப்புப் பிள்ளைதான். அம்மா உள்ளூரிலேயே அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். அதனால் ஆவுடையாள்பட்டியை விட்டு அவள் எங்கும் போனதில்லை. அப்பா போன பிறகும் போகவில்லை.

முத்துச்செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மாமா ஆராய்ச்சிக்காக ஊருக்கு வந்தார். ஊரில் பலருக்கு மூட்டுப் பிடித்தது. கழுத்து திரும்பவில்லை. நாற்பது வயதிலேயே கூன் விழுந்தது. எதனால் என்று கண்டுபிடிக்க வந்தார். அம்மாதான் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டி வந்து அவர் முன்னால் உட்கார வைத்தாள். “எந்தம்பி ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது” என்று தன் கையைத்தான் முதலில் நீட்டினாள். மாமா ரத்தம் எடுத்தார். கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தார். ஊர் நடுவில் இருந்த அடிபம்பிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். அது ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து, கண்மாய் நிரம்பிக் கிடந்த சமயம். அந்த ஒரு தடவைதான் பிடித்தார்.

தண்ணீரில் குற்றமில்லை, சத்துக் குறைவும் நாளெல்லாம் குனிந்து வேலை செய்வதும்தான் காரணம் என்று எழுதி வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். ஊருக்கு வந்து, எல்லோரும் பார்க்க, ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தும் காட்டினார். அன்றிலிருந்து அதற்கு டாக்டர் பம்பு என்று பெயர்.

படித்து முடித்து, திருநெல்வேலியில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் முத்துச்செல்வி வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஏட்டி, ஒங்க லைப்ரரில எந்தம்பி எழுதினது இருக்கா?”

இருந்தது. எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லும் தடித்தடியான தொகுதிகளும் இருந்தன. மாமா நாற்பது கட்டுரைகளுக்கு மேல் எழுதியிருந்தார். பெரும்பாலானவற்றை ஒருவரும் சீண்டவில்லை. ஆனால் இந்தத் தண்ணீர்க் கட்டுரை மட்டும் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் போனது. அவள் டெலிபோன் பூத்துக்கு ஓடினாள். “அம்மா, மாமா எழுதினத நூறு பேருக்கு மேல எடுத்து எழுதியிருக்காங்கம்மா! அமெரிக்காக்காரன், சீனாக்காரன் எல்லாம்!”

அம்மா அன்று மாரியம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து ஊருக்கே கொடுத்தாள். சங்கிலிப்பாண்டி பம்பைச் சுற்றிச் சின்னதாகச் சுவர் கட்டி, ‘உலக மருத்துவர்கள் போற்றும் டாக்டர் தங்கச்சாமி குடிநீர்’ என்று நீலப் பெயின்டில் எழுத வைத்தார்.

அந்த நூறு பேரும் என்னதான் புகழ்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டு, முத்துச்செல்வி ஒவ்வொரு கட்டுரையாக எடுத்துப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒருவரும் புகழவில்லை. மழைக்காலத்தில் ஒரே ஒரு முறை நீர் எடுத்ததால் தங்கச்சாமி தவறான முடிவுக்கு வந்தார் என்றது ஒன்று. அதே போன்ற கரிசல் பூமியில் கோடையில் நீர் எடுத்தபோது எலும்பையும் பல்லையும் கெடுக்கும் ஃபுளோரைடு பல மடங்கு இருந்தது, கூனுக்குக் காரணம் அதுதான், தங்கச்சாமி சொன்னது சரியல்ல என்றது இன்னொன்று. ஒரு பாடப் புத்தகம், மாதிரி எடுப்பதில் செய்யக் கூடாதது எது என்பதற்கு உதாரணமாகவே மாமாவின் பெயரைப் போட்டிருந்தது.

அவள் ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். பிறகு நிமிர முடியாத முதுகோடு, தரையைப் பார்த்தபடியே சொன்னாள். “நூறு பேரு எடுத்து எழுதினான்னு சொன்னவளும் நீதான். இப்ப நூறு பேரும் கொற சொன்னான்னு சொல்லுதவளும் நீதான். எந்த வாய நான் நம்பட்டும்?”

அதற்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது. வாரத்தில் இரண்டு நாள், கிழக்குத் தெரு முனையில். தாமிரபரணித் தண்ணீர். அம்மா அதைப் பிடித்து எருமைக்கு வைத்தாள். தனக்கும் வீட்டுக்கும் டாக்டர் பம்பு. அவளைப் பார்த்து ஊரும் அப்படியே. தண்ணீரை மாற்றினால் தம்பி சொன்னது பொய் என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. முத்துச்செல்வி திருநெல்வேலிக்குக் கூப்பிட்டபோதும் வரவில்லை. “அங்கத்த தண்ணி சப்புனு இருக்கும்.”

மாரிராஜின் மகள் உமா கதவோரம் நின்றிருந்தாள். பன்னிரண்டு வயது. யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற பிள்ளை. ஆனால் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். பற்களில் காவிக் கறை. தேய்த்தாலும் போகாத கறை. அண்ணன் கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறவன். தினம் பஸ்ஸில் போய் வருகிறவன். அவனுக்கும் புரியவில்லை. “பல்லு வெளக்க மாட்டேங்கா” என்று பிள்ளையைத்தான் திட்டுவான்.

வெளியே கார் சத்தம் கேட்டது.

மாமா இறங்கினார். வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை. கையில் கோடிச் சேலை. வாசல்படியில் கால் வைத்ததுமே அவர் உடம்பு குலுங்கிவிட்டது. “அக்கா...” என்று கட்டிலருகே வந்து மண்டியிட்டார். நடிப்பில்லை. முகம் சுருங்கி, மூக்கு ஒழுகி, பிள்ளை மாதிரி அழுதார். பெண்கள் ஓவென்று கூட அழுதார்கள். அந்த அழுகை உண்மையாக இருந்ததுதான் முத்துச்செல்விக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொய்யாக அழுதிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார். “ஏன் இப்படிச் சரிச்சுப் போட்டிருக்கீங்க? நேரா மல்லாத்திப் படுக்க வைக்கலாம்ல?”

பெண்கள் முத்துச்செல்வியைப் பார்த்தார்கள்.

“நிமிரல மாமா” என்றாள் முத்துச்செல்வி.

மாமாவின் பார்வை ஒரு கணம் அம்மாவின் முழங்கால்களில் நின்றது. உடனே விலகியது. கோடிச் சேலையைப் பிரித்து அவள் மேல் போர்த்தினார். சேலை முழங்காலையும் சேர்த்து மூடியது.

பந்தலில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். கார் டிரைவர் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா மடக்மடக்கென்று குடித்துவிட்டுக் காலி பாட்டிலைக் காலடியில் வைத்தார். உள்ளேயிருந்து அதைப் பார்த்த மாடத்தி முத்துச்செல்வியின் காதில் கேட்டாள். “வெளிய போனப்ப காரு சன்னல் வழியா நானும் பாத்தேன். பாட்டில் பாட்டிலா அடுக்கியிருக்காவ. எதுக்குட்டி, வண்டிக்கு ஊத்தவா?”

“ஆமா சித்தி. வண்டிக்குத்தான்” என்றாள் முத்துச்செல்வி, பல்லைக் கடித்துக்கொண்டு.

பசுவந்தனையிலிருந்து துட்டி கேட்க வந்திருந்தவர்களிடம் சங்கிலிப்பாண்டி சொல்லிக்கொண்டிருந்தார். “இவியதான் எங்க டாக்டரு. இவிய எழுதினத நூறு நாட்டுக்காரன் எடுத்து எழுதுதான், ஆமா. போன வருசம் மதுரையில விருது குடுத்தாவள்லா, மேடையிலேயே அதத்தான் வாசிச்சாவ. நான் முன் வரிசையில இருந்தேன்.”

“எதப் பத்தி எழுதினாவ?”

“நம்ம ஊருத் தண்ணியப் பத்தித்தான். இந்தத் தண்ணிக்கு ஈடு கெடையாதுன்னு.”

மாமா அதைக் கேட்டார். கேட்டார் என்பது முத்துச்செல்விக்கு நன்றாகத் தெரிந்தது. காலடியிலிருந்த பாட்டிலைச் செருப்பால் மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

அவள் எழுந்து பந்தலுக்குப் போனாள். “மாமா, கொஞ்சம் பின்னால வாங்க. பேசணும்.”

“செல்வி” என்று மாரிராஜ் எச்சரித்தான். “இன்னைக்கு ஒரு நாளு வாய மூடிக்கிட்டு இரு.”

“நீ போயி நீர்மாலைக்கு ஆளக் கூப்பிடு. நான் மாமாகிட்டத்தான பேசுதேன், ஊருகிட்டயா பேசுதேன்?”

வீட்டுக்குப் பின்னால் பருத்திமார் கட்டுக்கட்டாக அடுக்கிக் கிடந்தது. அதன் நிழலில் மாமா நின்றார். அவரே முதலில் பேசினார்.

“நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும்மா.”

“தெரியும்ல? மூணு வருசத்துக்கு முன்னாடியே ஒங்க வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, அவ ஒங்க பேச்சத் தவிர யாரு பேச்சையும் கேக்க மாட்டான்னு. நான் பேசுதேன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போன் பண்ணினீங்க. மருந்து சாப்பிட்டியான்னு கேட்டீங்க, மாட்டப் பத்திக் கேட்டீங்க. தண்ணியப் பத்தி ஒரு நாளு கேட்டீங்களா?”

“வாய் வரைக்கும் வரும் செல்வி. உடனே அக்கா சொல்லுவா, ‘ஒம் பம்புத் தண்ணிதாம்ல குடிக்கேன், வேற தண்ணி எறங்க மாட்டேங்கு’ன்னு. அதுக்கு மேல நான் எப்படிச் சொல்லுவேன்?”

“எப்படிச் சொல்லணும்? தப்பா எழுதிட்டேங்கா, குடிக்காதன்னு சொல்லணும்.”

மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். “மறுத்து எழுதினவங்க சொன்னது சரிதான். எனக்குத் தெரியும். மனசுக்குள்ள எப்பவோ ஒத்துக்கிட்டேன்.”

“மனசுக்குள்ள ஒத்துக்கிட்டா பம்புல வார தண்ணி நல்ல தண்ணி ஆயிருமா? அப்பறம் எதுக்கு விருது மேடையில அந்தக் கணக்க வாசிக்க விட்டீங்க? நூறு பேரு மேற்கோள் காட்டுனாங்கன்னு சொன்னவன், என்னன்னு காட்டுனாங்கன்னும் சொல்லணும்லா?”

“யாரும் கேக்கலம்மா.”

“யாரும் கேக்கல!”

“உண்மையைச் சொல்லட்டுமா?” மாமாவின் குரல் தாழ்ந்தது. “நாப்பது கட்டுரை எழுதியிருக்கேன். கஷ்டப்பட்டு, சரியா எழுதின கட்டுரைகள். ஒருத்தன் திரும்பிப் பாக்கல. இது ஒண்ணுதான் என் பேரை வெளியில கொண்டுபோச்சு. பதவிக்கு விண்ணப்பம் போட்டா இதுதான் முதல்ல நிக்கும். இதையும் தப்புன்னு நானே எழுதிட்டா, எனக்குன்னு என்ன செல்வி மிச்சம் இருக்கு?”

முத்துச்செல்வி அவரையே பார்த்தாள். சின்ன வயதில் இந்த மாமாவின் தோளில் உட்கார்ந்து கழுகுமலைத் தேர் பார்த்திருக்கிறாள்.

“உமா மிச்சம் இருக்கா மாமா. அவ பல்லப் பாத்தீங்களா?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அம்மா போயிட்டா. அவளுக்காக நான் ஒண்ணும் கேக்கல. இன்னைக்கு ஊரு பூராவும் இங்கன இருக்கு. அந்தத் தண்ணியக் குடிக்காதீங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. போதும். நான் சொல்லிப் பாத்துட்டேன். டாக்டரு பெருசா, லைப்ரரிக்காரி பெருசான்னு சிரிச்சாங்க. நீங்க எந்த வாயால குடிச்சுக் காட்டினீங்களோ அந்த வாயால சொல்லுங்க.”

“அக்கா காரியம் முடியட்டும்மா. இது அதுக்கான இடமில்ல.”

“வேற எது இடம் மாமா?”

முன்பக்கம் சங்கு ஊதினார்கள். நீர்மாலைக்கு நேரமாகிவிட்டது. மாமா அவளைத் தாண்டி வேகமாக நடந்து போனார். தப்பித்துப் போகிற நடை.

நான்கு பேர் வெள்ளைத் துணியை விரித்து மேலாப்பாகப் பிடித்தார்கள். அதன் நிழலில் மாரிராஜும் மதினியும் முத்துச்செல்வியும் குடங்களோடு நடந்தார்கள். எங்கே போவது என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. கால்கள் தாமாக டாக்டர் பம்பை நோக்கித்தான் போயின.

நீல எழுத்துக்குக் கீழே நின்றதும் முத்துச்செல்வி சொன்னாள். “இந்தத் தண்ணி வேண்டாம்.”

“என்ன தாயி சொல்லுத?” என்றார் சங்கிலிப்பாண்டி.

“இதக் குடிச்சுத்தான் எங்கம்மா அப்படிக் கெடக்கா. கடைசியா இதையே அவ தலையில ஊத்தணுமா? கெழக்குத் தெருக் கொழாய்ல பிடிங்க.”

“இன்னைக்கு அங்க தண்ணி வராதுல்லா. ஒங்கம்மா உசுரா நெனச்ச தண்ணி தாயி இது. தம்பி பேரு எழுதின தண்ணி. இத விட்டுட்டு மாட்டுக்கு வைக்கிற தண்ணியவா அவளுக்கு ஊத்துவாங்க?” அவர் மாமாவிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க டாக்டரே. நீங்கதான பெறந்த வீட்டு ஆளு.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். சங்கு ஊதுகிறவர்கூட வாயிலிருந்து சங்கை எடுத்துவிட்டார். முத்துச்செல்வி குடத்தின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொல்லுங்க மாமா. இப்பச் சொல்லுங்க.

“எந்தத் தண்ணியா இருந்தா என்ன” என்றார் மாமா, தரையைப் பார்த்து. “குளிப்பாட்டத்தான.”

சங்கு மறுபடி ஊதியது. மாரிராஜ் பம்பை அடித்தான். முத்துச்செல்வியின் குடமும் நிறைந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவின் தலையில் அந்தத் தண்ணீரை ஊற்றியபோது அவளுக்கு அம்மாமீதே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படி என்ன தம்பி? எருமைக்குக் கொடுத்ததில் ஒரு செம்பைத் தானும் குடித்திருக்கக் கூடாதா? அம்மாவின் உதட்டில் நீர் வழிந்தது. அதைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

வழக்கமான பாடையில் அம்மாவைக் கிடத்த முடியவில்லை. இன்னும் இரண்டு கம்பு வைத்து அகலமாகக் கட்டினார்கள். ஒருக்களித்தபடியே போனாள். தெரு முக்கு திரும்பும்போது தலை சற்றே சாய்ந்து, முகம் மேல்நோக்கித் திரும்பியது. மேற்கே மேகம் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை வானம்.

வெயில் தாழ ஆரம்பித்தபோது ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பினார்கள். மோட்டார் கிணற்றில் குளித்த ஈரத் தலையோடு பந்தலில் உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. புகையும் தூசியும். டிரைவரைத் தேடினார். காரை நிழலுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லி அவர் ஊர் எல்லைப் புளிய மரத்தடிக்குப் போயிருந்தார்.

“தண்ணி கொண்டாங்கப்பா டாக்டருக்கு!” என்று சங்கிலிப்பாண்டி குரல் கொடுத்தார்.

முத்துச்செல்வி அடுப்படிக்குப் போனாள். அம்மாவின் வெண்கலச் செம்பை எடுத்தாள். பானையிலிருந்து மொண்டு நிரப்பினாள்.  பந்தலுக்கு வந்து மாமா முன்னால் நின்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

“குடிங்க மாமா. ஒங்க தண்ணி.”

மாமா செம்பை வாங்கினார். அவரைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர் செம்பைப் பார்த்தார். முத்துச்செல்வியைப் பார்த்தார். அவர் குடிக்கப் போகிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஒரு செம்பு குடித்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அது அவருக்கும் தெரியும். குடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. இன்னும் எத்தனையோ வருடத்துக்கு இந்த ஊர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். அக்கா செத்த அன்னைக்கும் நம்ம தண்ணியத்தான் குடிச்சாருன்னு.

அவர் செம்பைத் தூக்கினார். இருமல் மறுபடி வந்தது. செம்பு பாதி வழியில் நின்றது.

“தாத்தா” என்றது ஒரு குரல். உமா. காலையிலிருந்து அழுது தொண்டை கம்மிப்போயிருந்தது. “நீங்க குடிக்கலன்னா எனக்குத் தாங்க. தாகமா இருக்கு.”

அவள் செம்புக்குக் கை நீட்டினாள். கையை நீட்டியதால் வாயை மூட மறந்துவிட்டாள். தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மாமாவின் கை சட்டென்று பின்னால் போனது. பிள்ளைக்கு எட்டாத உயரத்துக்குச் செம்பைத் தூக்கிவிட்டார். தண்ணீர் அலம்பி அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

“வேண்டாம்” என்றார். “இது வேண்டாம்மா.”

உமா விழித்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

 சங்கிலிப்பாண்டி பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். அவர் கண் மாமாவின் கையிலிருந்த செம்புக்கும், நாற்காலிக்கு அடியில் உருண்டு கிடந்த காலி பாட்டிலுக்கும் மாறி மாறிப் போனது. மாரிராஜ் எழுந்து வந்தான். மகளின் தாடையைப் பிடித்து, முதல்முறையாகப் பார்ப்பது போல, அவள் வாயைப் பார்த்தான். மாமா செம்பை இறக்கவுமில்லை, யாரிடமும் கொடுக்கவுமில்லை. ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, நனைந்த சட்டையோடு, தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று முத்துச்செல்வி காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை.

வாசலில் நின்ற மாடத்திதான் உடம்போடு திரும்பி அவளைப் பார்த்தாள்.

“வண்டிக்கு ஊத்துத தண்ணின்னுல்லாட்டி நெனச்சேன்” என்றாள்.

முத்துச்செல்வியால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. மாடத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகளை முழங்காலில் ஊன்றி ஊன்றிப் படியிறங்கித் தன் வீட்டுக்குப் போனாள்.

மாமாவின் கார் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. யாரும் வழியனுப்ப எழுந்திருக்கவில்லை. முத்துச்செல்வி வாசல் தெளிக்க வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாடத்தி வீட்டு வாசலில் கரிசல் மண் பெரிதாக நனைந்திருந்தது. ஒரு குடம் தண்ணீரை ஒரே இடத்தில் கவிழ்த்த ஈரம். வெடிப்புகள் அதைக் குடித்துக்கொண்டிருந்தன.

கிழக்குத் தெரு முனையில் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வறண்டு நின்றது. அடுத்த தண்ணீர் நாளை மறுநாள்தான். குழாய்க்கு அடியில், வரிசையின் முதல் இடத்தில், மாடத்தியின் நசுங்கிய பச்சைக் குடம் உட்கார்ந்திருந்தது.